மூலை வீட்டுக் கூரை

"கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொன்னேன். ரெண்டு தடவையும் இல்லன்னுட்டாங்க" என்றார் அருளப்பன்.

பெனாசிர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உக்காருங்க சார்" என்றார்.

மொட்டை மாடியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் செழியன் என்கிற இளம் இன்ஜினியர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அருளப்பன் ஓரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு கட்டட வேலையை அஸ்திவாரத்திலிருந்து சாவி கொடுக்கிறவரை நடத்துகிற மேனேஜர்களுக்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதற்கு எழுத்துப் பரீட்சை முதலில். அதில் அவர் பாஸ். அப்புறம் இன்டர்வியூ. நீங்கள் நடத்திய ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து அதைப் பற்றிக் கேட்பார்கள். அங்கேதான் அவர் இரண்டு முறை விழுந்துவிட்டார்.

மூன்றாவதும் போனால் மறுபடி முதலிலிருந்து.

அவருடைய கம்பெனிக்கு ஒரு பாலம் கட்டுகிற வேலை வந்திருந்தது. சான்றிதழ் இருக்கிறவருக்குத்தான் அதைக் கொடுப்பார்களாம். வீடும் குடோனுமாகக் கட்டியே காலம் போய்விட்ட மனுசன். ஒரு பாலமாவது கட்ட வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

பெனாசிர் அந்த இன்டர்வியூவை முதல் தடவையிலேயே தாண்டியவர். சாயந்திரம் சைட்டிலிருந்து வந்ததும், மாமியாரின் ஊறுகாய்க்குப் பூண்டு உரித்துக்கொண்டே, தேடி வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அவரிடம் போனால் பாஸ் என்று திருச்சியில் இருக்கிற இன்ஜினியர்களுக்குள் ஒரு பேச்சு.

அருளப்பன் அந்தத் தெருமுனை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறார். இன்றைக்குத்தான் படி ஏறினார்.

ஏனென்றால் ஒரு காலத்தில் பெனாசிர் அவருக்குக் கீழே வேலை பழக வந்த பொண்ணு.

"ஏம்மா..." என்று வழக்கம்போல ஆரம்பித்தார்.

செழியன் திரும்பிப் பார்த்தான்.

"மேடம்" என்றார் அருளப்பன். சூடான சோற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

"எந்தக் கட்டடத்த எழுதிக் குடுத்திருக்கீங்க சார்?"

அருளப்பன் தரையைப் பார்த்தார்.

"மில்லு குவார்ட்டர்ஸ்."

"மணப்பாறை தாண்டி, அதுவா?"

"ஆமா."

பெனாசிரின் கை நின்றது. பிறகு அடுத்த பூண்டை எடுத்தது.

"சரி. சொல்லுங்க."

அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். எத்தனை வீடு, எத்தனை ஆள், மழைக்காலத்தை எப்படிச் சமாளித்தார், சிமெண்ட் தட்டுப்பாட்டை எப்படி ஜெயித்தார், எல்லாம் வந்தது. குறித்த தேதிக்கு முன்னாலேயே முடித்து மில் முதலாளி கையால் கேடயம் வாங்கியதும் வந்தது. மூச்சு விடாமல் சொன்னார். இரண்டு இன்டர்வியூவிலும் சொன்னதுதான். ஒரு வார்த்தை பிசகவில்லை.

முறத்தில் இருந்த பூண்டு தீர்ந்துவிட்டது.

"மேடம், நான் பதில் சொல்றப்ப கால் கிலோதான் ஆகும்" என்றான் செழியன். "சாரோடது ரெண்டு கிலோ பதிலு."

பெனாசிர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வாங்க சார்."

"நான் சொன்னதுல என்ன குறைன்னு..."

"நாளைக்கு வாங்க."

*

மறுநாளும் அதே கேள்வி.

"கட்டடத்தப் பத்தி சொல்லுங்க சார்."

இந்தத் தடவை அருளப்பன் சுருக்கிச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் இங்கிலீஷ் கலந்து சொன்னார். அதற்கும் அடுத்த நாள் எழுந்து நின்று, கையை ஆட்டி, படம் வரைந்து காட்டினார்.

"சார், ரேடியோவ வேற ஸ்டேஷனுக்குத் திருப்புனீங்க, பாட்டு மட்டும் அதேதான் ஓடுது" என்றான் செழியன்.

"உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாப்பா?"

பெனாசிர் கேட்டார்: "இதுல நீங்க எங்க இருக்கீங்க சார்?"

"நான்தான் மேனேஜர்."

"அது தெரியும்."

"பின்ன?"

"நாளைக்கு வாங்க."

அருளப்பன் செருப்பைத் தேடி மாட்டினார். கால் மாற்றி மாட்டிவிட்டார். செழியன் பார்ப்பதற்குள் இறங்கிவிட வேண்டுமென்று அப்படியே படியிறங்கினார்.

*

பெனாசிருக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா?

அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இருந்தால் ஏன் காட்டவில்லை? இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் கை ஏன் நின்றது?

நடந்தது இதுதான்.

அந்தக் குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடிக்குக் கூரை போடுகிற நாள். கம்பி கட்டியாகிவிட்டது. கலவை லாரி வரிசையாக ரோட்டில் நிற்கிறது. லாரியில் வந்த கலவை காத்திருக்காது, இறுகிப் போகும். மேஸ்திரி, ஆட்கள், எல்லாரும் பரபரப்பில் இருக்கிறார்கள்.

அப்போது பெனாசிர் மூலை வீட்டுக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இங்க கம்பிக்குக் கீழ கட்டை வைக்கல. கம்பி பலகையிலயே படுத்திருக்கு. நிறுத்தச் சொல்லுங்க சார்."

கம்பிக்கு அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டைகள் வைப்பார்கள். வைத்தால் கம்பி பலகையை விட்டுத் தூக்கி நிற்கும், கலவை சுற்றிலும் போய் அதை மூடும். வைக்காவிட்டால் கம்பியின் அடிப்பக்கம் மூடாமல் கிடந்து துருப்பிடிக்கும். துரு ஊதும். ஊதினால் கூரை உதிரும். உடனே உதிராது. வருசக் கணக்காகும்.

அருளப்பன் லாரிகளைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏம்மா, சோத்துல உப்பு இருக்கா புளி இருக்கான்னு பாக்குறதெல்லாம் வீட்டோட வச்சுக்க. கீழ போய் உக்காரு."

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி ரொம்பவே சிரித்தார்.

பெனாசிர் கீழே போய் உட்கார்ந்தார்.

"ஊத்துய்யா" என்றார் அருளப்பன். ஊற்றினார்கள்.

அந்த மாசத்தோடு பெனாசிர் வேலையை விட்டு நின்றுகொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

*

செழியன் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு லட்டு டப்பாவோடு வந்தான்.

"எடுத்துக்கங்க சார். உங்க ஆசீர்வாதம்."

அருளப்பன் ஒரு லட்டை எடுத்தார். கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"என் சைட்டுல போர் போட்டோம்ல சார், தண்ணியே வரல. அதத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டாங்க."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ? பூமிக்குள்ள இருக்கிறது."

"இல்ல சார், நான்தான் எடத்த மாத்திக் காமிச்சுட்டேன். நீரோட்டம் பாக்குறவங்க குறிச்சுக் குடுத்தது வேற பக்கம்."

"அதப் போயி ஏன்டா சொன்ன?"

"கேட்டாங்களே சார்" என்றான் செழியன்.

அவன் போய்விட்டான். படியில் இறங்கும்போதும் யாருக்கோ போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனான்.

லட்டு அருளப்பனின் உள்ளங்கையில் உடைந்துவிட்டிருந்தது. நெய் பிசுபிசுத்தது.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

"என்னைக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"நீங்க சொல்லுங்க சார். என்ன பேசுனீங்க?"

அருளப்பன் வாயைத் திறந்தார். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் எவ்வளவு சுளுவாக வந்த வார்த்தை! இப்போது மாடியில் இரண்டே பேர். வர மாட்டேன் என்கிறது.

"சோத்துல..." என்றார். "சோத்துல உப்பு..."

முகம் வெந்து போனது. காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார்.

"மன்னிச்சிரும்மா."

மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

பெனாசிர் முறத்தைத் தூக்கிப் பூண்டுத் தோலை ஊதினார். தோல் பறந்து போய் அருளப்பனின் சட்டையில் ஒட்டியது.

"எங்கிட்ட எதுக்கு சார் கேக்குறீங்க? நான் அந்த வீட்டுல குடியில்லையே."

*

ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் பஸ் ஏறினார்.

கேடயம் வாங்கிய நாளுக்கு அப்புறம் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. யாருமே போக மாட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ நின்றது. மாடிக் கைப்பிடியெல்லாம் துணி. இரண்டாம் மாடி ஏறி மூலை வீட்டு வாசலில் நின்றார். மிளகாய் தாளிக்கிற நெடி வந்தது.

உள்ளேயிருந்து ஒரு இளம் பெண் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மில்லு ஆபீஸ்லேர்ந்தா?"

அருளப்பன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"வாங்க. வருவீங்க, அண்ணாந்து பாப்பீங்க, போவீங்க. போன தடவ வந்தவரு வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தாரு, மண்ணு வாயிலயே விழுந்துச்சு. அதுலேர்ந்து அந்தாளக் காணோம்."

அவள் பேர் பவளம். அவள் புருசனுக்கு மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை. அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள். பேச ஆள் கிடைக்காமல் இருந்தவள் போலச் சொல்லிக்கொண்டே போனாள்.

அருளப்பன் கூடத்தில் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"ஐயோ, அங்க உக்காராதீங்க" என்றாள். ஓடி வந்து நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். "இப்படி உக்காருங்க. அங்க தலையில விழுந்துரும்."

அவர் உட்கார்ந்தார். பிறகு மேலே பார்த்தார்.

கூரையில் பெரிய பாய் அளவுக்குப் பூச்சு இல்லை. உள்ளே இருந்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிந்தன. துரு ஒழுகிச் சுவரில் காவி நிறத்தில் இறங்கியிருந்தது. நடுவில் தூளி கட்டுகிற கொக்கி. அதைச் சுற்றியும் விரிசல்.

கொக்கியில் எதுவும் தொங்கவில்லை.

"தூளி?" என்றார்.

அவள் கரண்டியால் காட்டினாள். அடுப்படி வாசலில், இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு குழாயைச் செருகி, அதில் பழைய சேலையில் தூளி கட்டியிருந்தது. உள்ளே பிள்ளை தூங்கியது. அடுப்புக்கும் தூளிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான்.

பிள்ளை தூக்கத்திலேயே இருமியது.

"நெடி" என்றாள் பவளம். "என்ன செய்யச் சொல்றீங்க? இந்த வீட்டுல கூரை உதிராத எடம் அது ஒண்ணுதான். எங்க அத்த வந்தா என்னையத்தான் திட்டுறாங்க. பிள்ளையக் கொண்டு போயி அடுப்படியில போட்டிருக்கா பாரு, இவல்லாம் ஒரு தாயான்னு."

சொல்லும்போது அவள் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க மேலயும் தப்புதான்" என்றாள் மெதுவாக.

"உங்க மேலயா?"

"மேல் வீட்டுலயும் நாங்களும் தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவி விடுவோம். அதான் கூரை ஊறிப் போச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வீட்ட வச்சுக்கத் தெரியல, குடுத்த வீட்டக் கெடுத்துட்டீங்கன்னு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டாங்க. என் வீட்டுக்காரருக்குத் தலையே தூக்க முடியல. இப்ப ரெண்டு வீட்டுலயும் கழுவுறதே இல்ல. ஈரத்துணி வச்சுத் தொடைக்கிறதோட சரி. பொங்கலுக்குக்கூடத் தண்ணி ஊத்தல. ஆனாலும் உதிருது."

அருளப்பன் தன் கையைப் பார்த்தார்.

எழுந்து போய்விடலாம். ஆபீஸில் சொல்கிறேன் என்று சொன்னால் போதும், அவள் தலையாட்டுவாள். வாசல் பக்கத்திலேயே இருந்தது.

"தண்ணியால இல்ல" என்றார்.

"என்ன?"

"தண்ணியால இல்லம்மா. நல்லாப் போட்ட கூரைன்னா நீங்க தெனம் குடம் குடமா ஊத்திக் கழுவினாலும் இப்படி ஆகாது. கம்பிக்கு அடியில ஒரு கட்டை வைக்கணும். இங்க வைக்கல."

"ஏன் வைக்கல?"

"வைக்கலன்னு ஒருத்தங்க சொன்னாங்க. கேக்கல."

"யாரு கேக்கல?"

"நான். இத நான்தான் கட்டுனேன்."

பவளம் அவரையே பார்த்தாள். அவர் அடி வாங்கத் தயாரான பிள்ளை மாதிரி நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எங்க மேல தப்பு இல்லையா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"இல்லம்மா."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"ராசாத்தியக்கா! மேல வீட்டு அக்கா! யக்கோவ்! நம்ம தண்ணியால இல்லையாம்! நம்ம மேல தப்பே இல்லையாம்! கட்டுனவரே வந்து சொல்றாரு!"

வராந்தாவில் கதவுகள் திறந்தன. யாரோ என்னடி என்றார்கள். அவள் குரல் உடைந்து போய் மறுபடி மறுபடி அதையே சொன்னது.

அருளப்பன் கூரைக்குக் கீழே தனியாக இருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் போன் இருந்தது. முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.

"சார், ஒரு உதவி. இத எங்க அத்தகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அவர் வேண்டாம் என்பதற்குள் போன் காதுக்கு வந்துவிட்டது.

"அம்மா... வணக்கம். உங்க மருமக மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா. கூரையில... நான்தாம்மா. நான்தான் சரியாப் போடல."



"ஏன்யா" என்றது ஒரு வயசான குரல். "உன் வீட்டுப் பிள்ளைய அடுப்படியில தூங்கப் போடுவியா நீயி?"

போன் நின்றுவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பவளம்.

"கேள்வி கேட்டாங்க" என்றார் அருளப்பன்.

*

ரொம்ப நாள் கழித்து ஒரு சாயந்திரம் அருளப்பன் மாடிப்படி ஏறி வந்தார். இளைத்திருந்தார். விரல் நகத்தில் சிமெண்ட் ஏறியிருந்தது.

பெனாசிர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலிகள் காலியாக இருந்தன.

"உக்காருங்க சார். இன்டர்வியூ முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிருச்சு மேடம்."

மேடம் இப்போது தடங்கல் இல்லாமல் வந்தது.

"என்ன கேட்டாங்க?"

"குறிச்ச தேதிக்கு முன்னாலேயே முடிச்சுட்டீங்கன்னு எழுதியிருக்கீங்களேன்னு கேட்டாங்க. இன்னும் முடியலைங்கன்னேன்."

பெனாசிர் நிமிர்ந்தார்.

"மில்லு ஆபீஸ்ல போயிச் சொன்னேன். எங்க கம்பெனியிலயும் சொன்னேன். பழசக் கிளறி எங்க பேரக் கெடுக்குறியான்னு கத்துனாங்க. அப்புறம் ஆள் குடுத்தாங்க. இப்ப அந்த வீட்டுல இரும்பு முட்டு குடுத்து நிறுத்தியிருக்கேன். உதிர்ந்தத எல்லாம் கொத்தி எடுத்து, துருவத் தேச்சு, மறுபடி மூடணும். பக்கத்து வீட்டுக் கூரையும் தட்டிப் பாத்தேன். அங்கயும் உள்ள காலியா இருக்கிற மாதிரிப் பொள்ளல் சத்தம்தான். அதையும் சொல்லிட்டேன்."

"பாலம்?"

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

அதைச் சொன்னபோது அவர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"பாஸா சார்?"

"பாஸும் போடல, ஃபெயிலும் போடல. முடிச்சிட்டு வாங்க, அன்னைக்கு மிச்சத்தக் கேக்குறோம்னாங்க. இதத் தடவக் கணக்குல சேக்க மாட்டோம்னாங்க."

பெனாசிர் தலையாட்டினார். ஒரு பூண்டை எடுத்துப் பல் பல்லாகப் பிரித்தார்.

"ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியல மேடம்" என்றார் அருளப்பன்.

"எது?"

"அன்னைக்கு உங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களான்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு சொன்னாங்க, நான் அவங்கள எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தி அனுப்பிட்டேன்னு சொன்னேன். நடுவுல உக்காந்திருந்தவரு கேட்டாரு, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன செஞ்சாங்கன்னு. தெரியாதுங்க, கேட்டுட்டு வர்றேன்னேன்."

பூண்டுப் பல் பெனாசிரின் கையிலிருந்து முறத்தில் விழுந்தது.

கீழே தெருவில் பால்காரரின் மணி கேட்டது. போய்விட்டது.

"கீழ போயி உக்காந்தேன்" என்றார் பெனாசிர்.

"அப்புறம்?"

"மேல கலவை விழுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம் மேடம்?"

"டீ குடுத்தாங்க."

அருளப்பன் முறத்தில் கிடந்த பூண்டைப் பார்த்தார்.

"குடிச்சேன்" என்றார் பெனாசிர்.

அவர் குரல் சின்னதாகியிருந்தது. அன்றைக்கு வேலை பழக வந்த பொண்ணின் குரலாகியிருந்தது.

"அந்தச் சான்றிதழுக்கு நான் அந்தக் கட்டடத்த எழுதல சார். வேற நல்ல கட்டடமாப் பாத்து எழுதினேன். மில்லு குவார்ட்டர்ஸ் எங்க இருக்குன்னு தெரியும், எந்த வீடுன்னு தெரியும். ஆனா ஒரு நாளும்..."

முடிக்கவில்லை.

"போனதில்லையா?"

"வெக்கமா இருந்துச்சு."

இருட்டுகிற நேரம். யாரும் விளக்குப் போடவில்லை. கொடியில் துணி அசைந்தது.

பெனாசிர் முறத்தை ஓரமாகத் தள்ளினார். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மணப்பாறைக்கு இப்ப பஸ் இருக்கா சார்?"